ஆபீசருக்கா, பியூனுக்கா: மாரடைப்பு யாரைத் தேடி வருகிறது?

டென்ஷன் என்றதும் நம் மனதில் வருபவர் பெரிய பதவியில் இருப்பவர்தான். ஓயாத போன், அடுத்தடுத்து மீட்டிங், கடைசியில் ஐம்பது வயதில் ஆஞ்சியோ. பழைய தமிழ்ப் படங்களிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்பவர் பெரும்பாலும் பங்களாவில் இருக்கும் அப்பாதான். தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவரும் வேலைக்காரருக்கு ஒன்றும் ஆகாது. 1960களில் மருத்துவர்களில் பலரும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

லண்டனில் வைட்ஹால் என்று ஒரு சாலை. பிரிட்டிஷ் அரசின் அமைச்சகங்கள் வரிசையாக இருக்கும் இடம். 1967இல் அங்கே வேலை பார்த்த ஆண் ஊழியர்கள் சுமார் 18,000 பேரைப் பரிசோதித்து, அப்புறம் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று பல ஆண்டுகள் கவனித்தார்கள். வந்த முடிவு எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. கோப்பு சுமந்தவர்களும் வாசலில் நின்றவர்களும் உச்சியில் இருந்த அதிகாரிகளைப் போல சுமார் மூன்று மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள்.

கீழ்நிலையில் இருப்பவர்கள் அதிகம் புகைபிடிப்பார்கள், அதனால்தான் என்று சொல்லத் தோன்றும். அதில் உண்மை உண்டு. ஆனால் புகை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. வறுமையும் காரணமில்லை. எல்லோருக்கும் நிரந்தர அரசு வேலை, ஓய்வூதியம், இலவச மருத்துவம். இன்னொரு விசித்திரம்: படிக்கட்டு போல ஒவ்வொரு நிலையிலும் ஆபத்து கூடிக்கொண்டே போனது. தனி அறையும் நல்ல சம்பளமும் உள்ள இரண்டாம் நிலை அதிகாரிக்குக்கூட, அவருக்கு மேலே இருப்பவரைவிட ஆபத்து அதிகம்.

1985இல் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் தலைமையில் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இந்த முறை பெண்களும் உண்டு. மொத்தம் 10,308 பேர். உங்கள் வேலையை எப்படி, எந்த வரிசையில், எப்போது செய்வது என்று முடிவெடுப்பதில் உங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றுமே இல்லை, சொன்னதைச் செய்கிறேன் என்றவர்களுக்குப் பின்னாளில் இதய நோய் அதிகம் வந்தது. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இருந்த இடைவெளியில் கணிசமான பகுதியை இந்த ஒரு கேள்வியே விளக்கிவிட்டது.

வேலை எவ்வளவு என்பதைவிட, அதன் பிடி யார் கையில் இருக்கிறது என்பது உடலுக்கு ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது? அதற்கு உடலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

தெருவில் நாய் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு நொடிகளில் நரம்புகள் வழியாகச் செய்தி போய், சிறுநீரகங்களின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும், கண்மணி விரியும். அந்த நேரத்தில் தேவைப்படாத வேலைகள் ஒத்திவைக்கப்படும். முதலில் நிற்பது செரிமானம். வாய் உலர்வது அதனால்தான். அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் எக்ஸ்ரே கருவி புதிதாக வந்திருந்த காலத்தில் பூனைகளின் செரிமானத்தை அதில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை எரிச்சலடைந்தாலோ மிரண்டாலோ வயிற்றின் அசைவு அப்படியே நின்றுபோவதைக் கண்டார். பரீட்சை அன்று காலை இட்லி ஏன் தொண்டையில் இறங்குவதில்லை என்பதற்கு அந்தப் பூனைகள் அப்போதே பதில் சொல்லிவிட்டன.

இரண்டாவது அலை கொஞ்சம் மெதுவாக வரும். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிக்குச் சொல்லும், பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்லும், அங்கிருந்து கார்ட்டிசால் கிளம்பும். ரத்தத்தில் அது உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்கச் சொல்வது, அதற்காகத் தசையின் புரதத்தைக்கூட உடைப்பது, நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைப்பது எல்லாம் இதன் வேலை. சாப்பாட்டில் ஒன்றும் மாற்றவில்லை, மாத்திரையும் தவறவில்லை, ஆனாலும் சுகர் ஏறியிருக்கிறதே என்று குழம்பும் பலருக்கு, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

ஆபத்து தீர்ந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய், போதும் நிறுத்து என்று சொல்லும். அருமையான ஏற்பாடு. சிக்கல் அது நிற்காதபோதுதான். பழைய டூவீலர் ஓட்டியவர்களுக்குச் சோக் தெரியும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப அதை இழுத்துவிட்டால் கூடுதலாகப் பெட்ரோல் போகும். வண்டி கிளம்பியதும் அதை மூடிவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே நாள் முழுக்க ஓட்டினால் டேங்க் காலியாகும், பிளக்கில் கரி பிடிக்கும், நடுரோட்டில் வண்டி நின்றுவிடும். சோக்கில் கோளாறு எதுவும் இல்லை.

இப்படி மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அளந்து காட்டிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் அமெரிக்காவின் ஒஹையோவில் செய்தவை. அல்சைமர் நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதுள்ள 13 பெண்கள். எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில், மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகத் தோலை எடுத்தார்கள். அப்புறம் காயம் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு ஆறுவதற்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாகப் பிடித்தது. 1995இல் இது வெளியானது.

வயது முதிர்ந்தவர்கள், தூக்கமில்லாதவர்கள், வேறு காரணம் இருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள் அல்லவா? அதே குழு அடுத்து பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரைப் பிடித்தது. வாயின் மேல் அண்ணத்தில் ஒரே அளவு காயம், ஒருமுறை கோடை விடுமுறையில், இன்னொருமுறை பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு. இளைஞர்கள், ஆரோக்கியமானவர்கள், ஒப்பிடுவது அவரவர் உடம்போடு. பரீட்சை நேரக் காயம் ஆற 40 சதவீதம் அதிக நேரம் எடுத்தது. ஒருவருக்குக்கூட விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஆறவில்லை. காயம்பட்ட இடத்துக்குப் பழுதுபார்க்கும் அணுக்களை வரவழைக்க உடல் சில வேதிச் சமிக்ஞைகளை அனுப்பும். கார்ட்டிசால் அடக்குவது அந்தச் சமிக்ஞைகளைத்தான்.

சளிக்கும் இதே கதைதான். ஷெல்டன் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1991இல் வெளியிட்ட ஆய்வில் 394 பேரின் மூக்கில் சளி வைரஸை விட்டுத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். மன அழுத்தம் குறைந்தவர்களில் 27 சதவீதம் பேருக்கும், மிக அதிகம் இருந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் சளி பிடித்தது. பயன்படுத்திய வைரஸ்கள் ஐந்து வகை, எல்லாவற்றிலும் போக்கு ஒன்றுதான்.

இதயத்துக்கு வருவோம். திடீர் அதிர்ச்சி இதயத்தைத் தாக்கும் என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 1994 ஜனவரி 17 அதிகாலை லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிலநடுக்கம் வந்த அன்று, இதய நோயோடு தொடர்புடைய திடீர் மரணங்கள் 24. அதற்கு முந்தைய நாட்களில் சராசரி ஐந்துக்கும் கீழே. ஆனால் பெரும்பாலானோரைப் பாதிப்பது நிலநடுக்கம் இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வருவது. அது போகும் வழி 2017இல் ஓரளவு துலங்கியது. 293 பேரின் ஸ்கேன் படங்களைப் பார்த்தபோது, மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலா யாருக்கெல்லாம் அதிகம் இயங்கியதோ, நோய் எதிர்ப்பு அணுக்களை உருவாக்கும் அவர்களுடைய எலும்பு மஜ்ஜையும் அதிகமாக இயங்கியது, ரத்தக்குழாய்ச் சுவர்களில் அழற்சியும் கூடியிருந்தது. பின்னாளில் மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களும் அவர்களில்தான் அதிகம். கார்ட்டிசால் அழற்சியை அடக்கக்கூடியதாயிற்றே, எப்படி இது? நாள்கணக்கில் ஒரே கூச்சலைக் கேட்டால் காது கொடுக்காமல் போவோமே, அப்படி எதிர்ப்பு அணுக்களும் கார்ட்டிசாலின் சொல்லைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. பிறகு அழற்சியைத் தடுக்க ஆளில்லை.

வயிற்றுப்புண் விஷயத்தில் மட்டும் பழி கொஞ்சம் மாறியது. கவலைப்பட்டால் அல்சர் என்று மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் என்ற பாக்டீரியாவைக் காட்டி 2005இல் நோபல் வாங்கினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். ஆகவே அல்சர் என்றால் தியானம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிருமிக்கு மருந்து வேண்டும்.

அதற்காக அல்சரை வைத்துச் செய்த பழைய எலி ஆய்வுகள் வீண் என்று ஆகிவிடாது. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு விடையே அங்கேதான் இருக்கிறது. ஜே வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்கம்பியை இணைத்தார். ஷாக் அடித்தால் இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். முதல் எலி முன்னால் உள்ள சக்கரத்தைச் சுற்றினால் ஷாக் நின்றுவிடும், இரண்டுக்குமே. இரண்டாவது எலியிடமும் சக்கரம் உண்டு, ஆனால் அதைச் சுற்றினால் ஒன்றும் நடக்காது. வலி சமம், ஆனால் வயிற்றுப்புண் இரண்டாவது எலிக்குத்தான் மிக அதிகம். இன்னொரு சோதனையில் ஷாக்குக்கு முன்னால் ஒலி எழுப்பி எச்சரித்தார்கள். வருவது தெரிந்த எலிகளுக்குப் புண் குறைவு. ஒலி கேட்காத நேரம் முழுவதும் அவை நிம்மதியாக இருக்க முடிந்ததே காரணம்.

மனிதர்களிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மனியின் டிரையர் நகரில் 1993இல் உருவான சோதனை ஒன்று உண்டு. சிரிக்கவே சிரிக்காத ஒரு குழுவின் முன் நின்று பேச வேண்டும். அப்புறம் 1022இலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும், தப்பினால் முதலிலிருந்து. படிக்கும்போதே எனக்கு வியர்க்கிறது. இப்படிப்பட்ட 208 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு உளவியலாளர்கள் 2004இல் சொன்னது: கார்ட்டிசால் அதிகம் ஏறுவது இரண்டு விஷயங்கள் சேரும்போது. என்ன செய்தாலும் முடிவு நம் கையில் இல்லை என்பது ஒன்று, மற்றவர்கள் நம்மை எடைபோடுகிறார்கள் என்பது இன்னொன்று. கடைநிலை ஊழியரின் ஒவ்வொரு நாளும் அந்த இரண்டும் சேர்ந்ததுதானே.

சரி, என்ன செய்யலாம்? வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போங்கள் என்பது யாருக்கும் உதவாது. உடல் இயங்கும் விதம் தெரிந்தால் எதற்குப் பலன் இருக்கும் என்பதும் ஓரளவு புரியும்.

உடனடியாகக் கிடைப்பது மூச்சு. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும், விடும்போது குறையும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சுவிட்டுப் பார்த்தால் உங்களுக்கே தெரியலாம். வெளிமூச்சின்போது இதயத்தை நிதானப்படுத்துவது வேகஸ் நரம்பு. அதனால் வெளிமூச்சை நீட்டினால் அந்த நரம்புக்குக் கூடுதல் நேரம் கிடைக்கும். 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் 23 பேரை ஜெபமாலையும் ஒரு பௌத்த மந்திரமும் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறையாகக் குறைத்தன, ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் நன்றாக வேலை செய்தது. எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் நரம்புக்குத் தேவை அந்த ஆறுதான். இதற்கு மாதச் சந்தா வாங்கும் செயலிகள் இருக்கின்றன. கடிகாரம் இருந்தால் போதும்.

நடை, ஓட்டம், வீட்டு வேலை எதுவானாலும் சரி, உடற்பயிற்சி உதவுவதன் காரணமும் எளிது. ஓடுவதற்காக ரத்தத்தில் இறக்கிய சர்க்கரையும் கொழுப்பும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் எங்கே போகும்? தூக்கத்தைப் பொறுத்தவரை, இரவில் கார்ட்டிசால் இறங்க வேண்டும், விடிந்ததும் ஏற வேண்டும். அரைகுறைத் தூக்கம் மறுநாள் மாலை அது இறங்குவதைக் கெடுக்கும், அது மறுபடி தூக்கத்தைக் கெடுக்கும். படுக்கையில் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைத் திறப்பதால் வரும் நஷ்டம் இதுதான்.

பக்கத்தில் ஆள் இருப்பதும் வேலை செய்கிறது. 2006இல் மணமான பெண்கள் 16 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, ஷாக் வரலாம் என்று எச்சரித்தபடி மூளையைப் பார்த்தார்கள். முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தாலே பயத்தின் அறிகுறி கொஞ்சம் குறைந்தது, கணவர் பிடித்தால் இன்னும் குறைந்தது. அதிலும், இல்லறம் நன்றாக இருந்த பெண்களுக்கே பலன் அதிகம். சண்டைக்காரக் கணவர்கள் கவனிக்க.

எலியின் சக்கரத்தையும் மறக்க வேண்டாம். முழு வேலையும் நம் கையில் இல்லாவிட்டாலும் அதில் ஏதோ ஒரு துண்டை நம் பிடியில் வைத்துக்கொள்ளலாம்: எதை முதலில் முடிப்பது, எந்த நேரத்தில் போன் எடுப்பது, எப்போது டீக்குப் போவது. முதியவரையோ நோயாளியையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு, வாரத்தில் இந்த நாள் இத்தனை மணிக்கு வேறொருவர் வருவார் என்பது நிச்சயமாகத் தெரிந்தால், அது எதிர்பாராமல் கிடைக்கும் ஓய்வைவிடப் பெரிய உதவி. வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, உயிரோடு இருப்பதே பாரமாகத் தோன்றுகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இந்தியாவில் டெலி மனஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும்.

ஆனால் வைட்ஹாலில் கோப்பு சுமந்தவரிடம் ஆழமாக மூச்சுவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஷிப்ட் பட்டியலை ஒரு வாரம் முன்னதாக ஒட்டுவது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஆக்குவது, வேலையின் வரிசையை ஊழியரே தீர்மானிக்க விடுவது எல்லாம் முதலாளிக்குப் பெரிய செலவு வைக்காதவை, இதயத்துக்கு நல்லவை. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே விற்கும் பெண்களுக்கு, ஆளில்லாத நேரத்திலாவது உட்காரலாமா என்பதுகூட நீண்ட காலம் அவர்கள் முடிவெடுக்கும் விஷயமாக இல்லை. 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடைகளில் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று எழுதிவைத்தன. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.