உண்ணி படாத பசுவுக்குத்தான் பயம்

"இந்தக் குளிருக்கு உண்ணி எங்கே வரும்?" நுவரெலியா, தலவாக்கலை பக்கம் மாடு வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்பது. குளிரில் உண்ணி மெதுவாகத்தான் பெருகும். வினையே அதில்தான் இருக்கிறது. 9 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு, உண்ணி பரப்பும் பபீசியா என்ற இரத்தக் கிருமி தொற்றினால் பெரும்பாலும் நோய் பெரிதாகத் தெரியாது, எதிர்ப்புச் சக்தி மட்டும் வந்துவிடும். உண்ணியே படாமல் வளர்ந்த பிரீசியன் பசுவுக்கு அந்த எதிர்ப்பு கிடையாது. கறவையில் முதல்முறை தொற்றினால் சில நாட்களிலேயே படுத்துவிடும்.

காய்ச்சல் 40, 41 பாகை செல்சியசுக்கு ஏறும். பால் திடீரென வற்றும். மூத்திரம் பிளேன்டீ நிறத்தில், நுரையோடு போகும். அதைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அது முழு இரத்தம். நெடுநாள் பெரணிச் செடி தின்ற மாட்டில் இப்படி வரும். தெளியாமல் ஒரே நிறமாக நின்றால் இரத்த அணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன, பபீசியாவில் நடப்பது இதுதான். கன்று போட்டு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொஸ்பரஸ் குறைந்தாலும் மூத்திரம் இப்படித்தான் போகும், ஆனால் காய்ச்சல் இருக்காது. அதனால் வெப்பமானி இல்லாத மாட்டுப்பட்டி பாதிக் குருடுதான்.

ஊசி போடுமுன் காது நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுக்க வேண்டும். மருந்து போன பிறகு எடுத்தால் கிருமி கண்ணில் படாமல் போகலாம். உண்ணி பரப்பும் இன்னொரு இரத்தக் கிருமியான தைலேரியா என்றால் மருந்தே வேறு. பபீசியாவுக்கு வைத்தியர் போடும் இமிடோகார்ப் 12 சதவீத மருந்து, 100 கிலோவுக்கு 1 மில்லிலீட்டர், தோலுக்கு அடியில். இரத்த நாளத்தில் ஏற்றினால் மாடு செத்தே போகலாம். எடையைக் குத்துமதிப்பாகச் சொல்லி மருந்தைக் குறைத்தால் காய்ச்சல் திரும்பி வரும். முரசு வெளுத்த மாட்டை மேட்டில் நடத்திக் கூட்டிப்போகவே கூடாது. வைத்தியர்தான் பட்டிக்கு வர வேண்டும். பால் எத்தனை நாள் ஊற்றக்கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்ணிக்கு அமிட்ராஸ் 12.5 சதவீத மருந்தை லீட்டர் தண்ணீருக்கு 2 மில்லிலீட்டர் கலக்கலாம். முதுகை மட்டும் நனைப்பதுதான் வழக்கமான தவறு. உண்ணி ஒட்டுவது மடியோரம், வாலடி, தொடையிடுக்கு, தாடை, காதுக்குள். மழை நாளில் அடித்தால் மருந்து வழிந்து போகும். தேயிலைக்குக் களைநாசினி அடித்த தெளிகருவியை மாட்டுக்கு எடுக்கவே வேண்டாம். உண்ணி குஞ்சாக ஏறி, குடித்துப் பருத்துக் கீழே விழ ஏறத்தாழ 21 நாள். விழுந்த பெண் உண்ணி 2000, 3000 முட்டை இடும். கிருமி முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகிறது. ஆகவே ஒருமுறை அடித்துவிட்டு இருந்துவிட முடியாது, மூன்று வாரத்துக்குள் மறுபடி அடிக்க வேண்டும்.

கீழ்ப்பகுதியிலிருந்து வாங்கிய மாட்டை இறக்கியவுடனேயே மருந்தடித்து, மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள். அதன் மிச்சப் புல்லை மற்ற மாட்டுக்குப் போட வேண்டாம். பார்வைக்கு நல்ல மாடாக இருந்தாலும் இரத்தத்தில் கிருமியைச் சுமந்து வரும், உண்ணி கடித்தால் பக்கத்தில் கட்டிய மாட்டுக்கும் போகும்.