வாட்ஸாப்பை போலீஸ் படிக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது

கடலூர் எஸ்.பி. நினைத்தால் தன் கையெழுத்திலேயே உங்கள் போனை ஒட்டுக்கேட்க உத்தரவு போட முடியுமா? முடியாது. அவருக்கு மேல் விழுப்புரத்தில் இருக்கும் டி.ஐ.ஜி.யாலும் முடியாது. சென்னை கோட்டையில் இருக்கிற உள்துறைச் செயலாளர் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு தர வேண்டும். அவரிடம் போக வழியே இல்லாத அவசரத்தில் மட்டும் ஐ.ஜி.க்குக் குறையாத உயரதிகாரி உத்தரவிடலாம். அதுவும் 3 வேலை நாளில் செயலாளருக்குப் போக வேண்டும், 7 வேலை நாளுக்குள் அவர் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் கேட்பதை நிறுத்தியாக வேண்டும். அதுவரை கேட்டதைக் கோர்ட்டில் காட்டவும் முடியாது.

2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் வந்த விதிகள் இவை. ஒரு உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாள்தான். தலைமைச் செயலாளர் தலைமையில் ஒரு குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். கேட்பதும் அரசு, சரிபார்ப்பதும் அரசு. நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் போராடியது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒப்பவில்லை. பெரிய ஓட்டை அதுதான் என்பேன்.

சரி, எதற்காகக் கேட்கலாம்? பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். சாதாரணக் குற்றத்தைத் துப்புத்துலக்க இது குறுக்குவழி ஆகாது. லஞ்ச வழக்கு ஒன்றில் 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவை, 2025 ஜூலையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தது இந்த அடிப்படையில்தான். தீர்ப்பு சென்னை உயர் நீதிமன்றத்துடையது. முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனாலும் அதே உயர் நீதிமன்றம்தான்.

வாட்ஸாப், சிக்னல் விஷயம் வேறு. செய்தி உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பெறுபவர் போனில்தான் திறக்கிறது. வழியில் மறித்தால் கிடைப்பது புரியாத எழுத்துக் குப்பை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69-ஆம் பிரிவு, பூட்டைத் திறந்து தரச் சொல்ல அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஒத்துழைக்க மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் 2009 விதிகளின்படி, சாவி நிறுவனத்திடம் இருக்கும் அளவுக்குத்தான் அந்தக் கடமை. இல்லாத சாவியை யார் தருவது?

யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற அழைப்புப் பட்டியலுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. அதை வாங்கச் செயலாளர் கையெழுத்து வேண்டாம்.

அப்புறம் போலீசுக்கு இருக்கிற நேர்வழி, போனையே எடுத்துக்கொள்வது. வழியில் போகும் செய்திக்கு இத்தனை கையெழுத்து. அதே செய்தி சட்டைப் பையில் கிடந்தால் ஒரு விசாரணை அதிகாரி போதும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 94-ஆம் பிரிவில் போனைக் கொண்டுவரச் சொல்லலாம். சோதனை போட்டுப் பறிமுதல் செய்தால், 105-ஆம் பிரிவின்படி அதை வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். உள்ளே எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை. பைக் திருட்டில் பிடித்த போனில் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருக்கும், வக்கீலுக்கு அனுப்பிய குரல் பதிவும் இருக்கும். அந்த மனைவி எந்த வழக்கிலும் இல்லை. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது அவருக்கும் சேர்த்துத்தான்.

திருட்டுத்தனமாக போனுக்குள் உளவு மென்பொருளை இறக்கலாம் என்று போலீசுக்கு வெளிப்படையாக அனுமதி தரும் சட்டப்பிரிவு எதுவும் கிடையாது.

கடைசியாக, பாஸ்வேர்டு. தனக்கெதிராகச் சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3). கைரேகை எடுப்பது சாட்சியம் ஆகாது என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; விரல் வைத்துத் திறக்கும் பூட்டுக்கு அந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவார்கள். மனதில் இருக்கும் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்பதில் கோர்ட்டுகளே ஒத்துப்போகவில்லை. ஸ்டேஷனில் வைத்து எண்ணைக் கேட்டால், வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.