காற்று சுத்தமாகிவிட்டது என்றால், எந்தத் தூசி குறைந்தது என்று கேளுங்கள்

நகரங்களின் காற்று மாசைக் குறைக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் வந்தது. 2017-18இல் காற்றில் இருந்த தூசியை 2025-26க்குள் 40 விழுக்காடு குறைப்பது அல்லது தேசியத் தர அளவை எட்டுவது இலக்கு. பின்னணி இவ்வளவு போதும். உங்கள் ஊர்ப் புகையைப் பற்றிப் புகார் எழுதும்போது வரும் சிக்கல்களைச் சொல்கிறேன்.

முதல் சிக்கல் ஊர்ப் பட்டியல். தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே இதில் உண்டு. மேட்டூர்க்காரரோ நெய்வேலிக்காரரோ இத்திட்டத்தைச் சொல்லி மனு எழுதினால், "உங்கள் ஊர் இதில் வராது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அங்கே திட்டத்தின் பெயரை எடுக்காமல், 1981ஆம் ஆண்டு காற்று மாசுத் தடுப்புச் சட்டப்படி புகார் என்று எழுதுங்கள். அதை அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்தது, எந்தத் தூசி என்பது. இத்திட்டத்தில் நகரங்களுக்கு மதிப்பெண் போடுவது பி.எம். 10, அதாவது 10 மைக்ரான் வரை குறுக்களவுள்ள தூசியின் அளவை வைத்து. ரோட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாலே அதில் ஒரு பங்கு குறையும். எதிரே இருக்கும் கட்டடம் தெரியாதபடி மூட்டம் போடுவதும், நுரையீரலின் அடிவரை இறங்குவதும் பெரும்பாலும் பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி. குப்பையும் நிலக்கரியும் டீசலும் எரிந்து வருவது அது. கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதற்கோ இத்திட்டத்தில் கணக்கே இல்லை. ஆகவே "குறைந்துவிட்டது" என்ற அறிக்கையை நீட்டினால், 2.5 எவ்வளவு என்று கேளுங்கள். தேசியத் தர அளவுப்படி அதன் ஆண்டுச் சராசரி, ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

ஆண்டுச் சராசரியிலும் ஏமாறாதீர்கள். ஆட்கள் போய் மாதிரி எடுக்கும் நிலையங்களில் வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள் அளந்தாலே விதிப்படி போதும். உங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு வந்த புகை அந்தக் கணக்கில் ஏறாமலே போகலாம்.

இனி அலைச்சல். குப்பைமேடு எரிகிறது என்று போனால் மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கை காட்டும். வாரியம், குப்பை மாநகராட்சியின் பொறுப்பு என்று திருப்பி அனுப்பும். இழுப்பு நோய் உள்ள பெரியவர்களை இப்படி மாடிப்படி ஏறி இறங்க வைப்பதைப் பார்த்திருக்கிறேன், மனசு பொறுக்கவில்லை. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுதாதீர்கள். மாநகராட்சி ஆணையர், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் இருவர் பெயரையும் ஒரே மனுவில் போட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். தேதி, நேரம், இடம் கட்டாயம் வேண்டும். "அது பனி" என்று சொல்லப் பார்ப்பார்கள். வெயில் ஏறிய பிறகும் அதே இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் "காற்று சுத்தமாக இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் வராது, கருத்துச் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. பக்கத்து நிலையத்தின் 24 மணி நேர அளவுகள், அளந்த தேதிகள், பி.எம். 2.5 பதிவுகள், இவற்றின் நகலைக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். "எங்கள் அலுவலகம் அல்ல" என்று திருப்பவும் கூடாது. 6(3) பிரிவுப்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே அனுப்பியாக வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது கடைசிப் படியில்தான். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஆறு மாதமே கெடு. உங்கள் கடைசி மனுவிலிருந்து அல்ல, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து கணக்கு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். இழப்பீடு கேட்பதற்கு மட்டும் ஐந்து ஆண்டு. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். "பார்க்கிறோம்" என்ற பதிலை நம்பி அந்த ஆறு மாதத்தை விட்டுவிடாதீர்கள்.