முட்டை தெரிகிறது, கோழி எங்கே?

இந்த ஆண்டு மே மாதம் முடிவதற்குள் இது மூன்றாவது படம். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே பள்ளத்தாக்குக்கு வந்திருந்த ஒரு தம்பி, கேமராத் திரையைப் பெருமையாக என் முன்னால் நீட்டினார். பிளேபெர்ரிப் புதருக்கு அடியில் சிறு குழி, அதில் புள்ளி போட்ட ஏழு முட்டைகள். கேப்பர்கேய்லி என்கிற பெரிய காட்டுக்கோழியின் கூடு.

"எதையும் தொடலண்ணா, படம் மட்டும்தான் எடுத்தேன்."

தொடவில்லை, சரி. முட்டை தெரிகிறதே, கோழி எங்கே தம்பி?

அடைகாக்கும் பெட்டை, இலைச் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும். காலடிக்கு மிக அருகில் வந்த பிறகுதான் படபடவென்று எழும். அதை எழுப்பிவிட்டதால்தான் அந்தப் படமே கிடைத்தது. முட்டை குளிர்ந்துபோகும். காகம் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. 2021-22 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து முழுவதற்கும் மதிப்பிட்ட எண்ணிக்கையே 542தான். பிரிட்டனில் வேறெங்கும் இந்தப் பறவை இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாமே, சட்டமே இருக்கே!" எனக்குக் கோபம் தலைக்கேறுவது இங்கேதான். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது உண்மை. பொறுப்போடு நடப்பவருக்குக் கொடுத்தது. 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் அதனால் காலாவதி ஆகிவிடவில்லை. அதன் முதல் அட்டவணையில் உள்ள பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்வது குற்றம். வேண்டுமென்றே செய்தாலும் குற்றம், அசட்டையாகச் செய்தாலும் குற்றம். பொன்னாங் கழுகு, மீன்பிடிக் கழுகான விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே), கொண்டை டிட் என்கிற குட்டிப் பறவை எல்லாம் அந்த அட்டவணையில் உண்டு. கேப்பர்கேய்லிக்கு இன்னும் ஒரு படி மேலே: வசந்தகால விடியலில் ஆண் பறவைகள் கூடி ஆடும்போது கலைப்பதும் குற்றம்தான். தூரத்திலிருந்தே எடுக்க 600 எம்எம் லென்ஸ் வைத்திருக்கிறேன் என்பதெல்லாம் வாதமே இல்லை. கூட்டருகே படமெடுக்க, ஸ்காட்லாந்தின் அரசு இயற்கை அமைப்பான நேச்சர்ஸ்காட்டின் உரிமம் வேண்டும். அது என்னிடம் இல்லை. அதனால் 15 வருடம் இங்கே படமெடுக்கும் தொழில் செய்தும் கேப்பர்கேய்லி கூட்டுப் படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அதற்காக யாரும் எனக்கு வேலை தராமல் போகவில்லை.

செடிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்களிடமும் வருகிறேன். இங்கே பைன் காட்டில் ட்வின்ஃப்ளவர் இருக்கிறது. நூல் மாதிரி ஒரு காம்பு, அதன் நுனியில் இரண்டு இளஞ்சிவப்பு மணிகள், மொத்த உயரம் ஒரு விரல்தான். மேக்ரோ, அதாவது மிக நெருக்கமான படம், எடுக்க ஆசைப்பட்டு வயிற்றைக் கீழே வைத்துப் படுக்கிறீர்கள். வயிற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது? அதே செடியின் கொடிதான், பாசிக்குள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். பல இடங்களில் ஒரு திட்டு முழுவதும் ஒரே செடி. துணைக்குப் பக்கத்தில் இன்னொன்று இல்லாததால் விதையும் அரிதாகத்தான் பிடிக்கும். பின்னணி சுத்தமாக வர வேண்டும் என்று சுற்றியுள்ள புல்லையும் பாசியையும் பிடுங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டுத் தோட்டமா அது?

மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பைன் காட்டுக்குள் பாதையை விட்டு இறங்காதீர்கள். நாய் கயிற்றில் இருக்கட்டும். போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையைக் கூப்பிடாதீர்கள். ட்ரோனைக் காரிலேயே வையுங்கள். மேய்கிற பறவை தலையைத் தூக்கிப் பார்த்தாலே நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். படத்தைப் போடும்போது இடத்தைப் போடாதீர்கள், ப்ளீஸ். அந்தத் தம்பி செவ்வாய்க்கிழமை குழுவில் போட்டார், சனிக்கிழமை அதே கேட் முன்னால் மூன்று கார்கள்.

படமே எடுக்கக்கூடாதா என்றால், தாராளமாக எடுங்கள். லாக் கார்டன் ஏரியில் விரால் அடிப்பானைப் பார்க்க மறைவிடமே கட்டி வைத்திருக்கிறார்கள். லாகின்டார்ப் ஏரிச் சாலையோரத்தில் காரை விட்டு இறங்காமலே செங்கவுதாரியை (ரெட் க்ரவுஸ்) எடுக்கலாம். கார் கண்ணாடியை இறக்கி, ஒரு பை பயறைக் கதவின் மேல் வைத்து, லென்ஸை அதன் மேல் சாய்த்தால் போதும். ஆனால் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலையில், எதிர் வண்டிக்கு ஒதுங்க விட்டிருக்கும் பாஸிங் ப்ளேஸில் காரை நிறுத்திக்கொண்டு உட்காராதீர்கள். பின்னால் பால் லாரிக்காரர் காத்திருப்பார்.