உள்ளான் தலை தூக்கினால் நின்றுவிடுங்கள்

ஐப்பசி மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில் கோடியக்கரைச் சதுப்புக்குப் போய்ப் பாருங்கள். சேறு நனையும் அளவுத் தண்ணீரில், சாம்பல் நிறத்தில் கூழாங்கற்களை வாரி இறைத்த மாதிரி தெரியும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் அந்தக் கற்கள் ஓடும். அத்தனையும் கொசு உள்ளான். தையல் மெஷின் ஊசி இறங்குவது போல அலகால் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தப் பறவையின் எடை சுமார் 25 கிராம்தான். அது பிறந்த இடம் ஆர்க்டிக் தூந்திரம், வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாத குளிர்நிலம்.

வடக்கே இலையுதிர் காலம் தொடங்கி நிலம் உறைவதற்கு முன்பே இவை கிளம்பிவிடுகின்றன. வழிச்செலவுக்கு எடுத்துக்கொள்வது கொழுப்பு. ஒரு கிராம் மாவுச்சத்து தரும் ஆற்றலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஒரு கிராம் கொழுப்பு தரும். எரியும்போது கொஞ்சம் தண்ணீரும் கிடைக்கும். இப்படிக் கொழுப்பை எரித்து நெடுந்தூரம் பறப்பதில் கரையோரப் பறவைகளின் உச்சம் பட்டைவால் மூக்கன். 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஒரு மூக்கன் அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் கடந்ததை அதன் உடலில் பொருத்திய செயற்கைக்கோள் கருவி காட்டியது. அலாஸ்காவிலிருந்து கிளம்பும் மூக்கன்களின் இரைப்பையும் குடலும் கல்லீரலும் சுருங்கிப்போயிருக்கும். பறக்கும்போது பயன்படாத சுமையை இறக்கிவைத்துவிட்டுப் போகின்றன.

அப்படி நெடுந்தூரம் பறந்து இறங்கும் பறவை, எரித்த கொழுப்பையும் சுருக்கிய உறுப்புகளையும் மறுபடி வளர்த்தாக வேண்டும். அதற்கு இரை வேண்டும், நேரமும் வேண்டும். உள்ளானின் அலகு நுனியில் நுண்ணிய குழிகள் உண்டு. அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் அவற்றுக்குள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத புழுவைச் சேற்றுக்குள் தொட்டே கண்டுபிடிக்கும். ஆனால் அலகு எட்டும் ஆழத்தில்தான் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு நல்ல மழை பெய்து நீர் ஏறினால் நேற்றைய சோற்றுத் தட்டு இன்று மூழ்கிவிடும்.

இப்போது நாம் வருகிறோம். ஒரு குழந்தை கூட்டத்தை நோக்கி ஓடுகிறது. அல்லது, பறக்கும் படம் வேண்டும் என்று ஒருவர் கை தட்டுகிறார். ஒரு பறவை எழுந்தால் கூட்டமே எழும். பார்க்க அழகுதான், எனக்கும் மெய்சிலிர்க்கும். ஆனால் சும்மா நிற்பதைவிடப் பறப்பதற்குப் பல மடங்கு ஆற்றல் செலவாகும். மேய்ச்சலும் நின்றுபோகும். செலவு ஏறுகிறது, வரவு நிற்கிறது. அடுத்த வண்டியில் இன்னொரு குடும்பம் வந்து இறங்கும்.

பறப்பதற்கு முன்னாலேயே பறவை சொல்லிவிடும். முதலில் குத்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கும். அப்புறம் நம்மை விட்டு விலகி நடக்கும். கடைசியில்தான் இறக்கை. எனவே தலை தூக்கியதுமே நின்றுவிட வேண்டும். மறுபடி மேயத் தொடங்கவில்லை என்றால் நாலடி பின்னால் போக வேண்டும். நேராக அதை நோக்கி நடக்காமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போனால் பல பறவைகள் அவ்வளவாக மிரளாது. நாயையும் ட்ரோனையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். வனத்துறை போட்ட பாதையை விட்டுச் சேற்றில் இறங்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. போன முறை பாதையோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன், அரை மணி நேரம் போல அசையவில்லை. தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் புழுவைத் தேடித் தேடி என் பக்கமே நகர்ந்து வந்தது. பத்தடி தூரத்தில் ஒரு உள்ளான் சேற்றிலிருந்து எதையோ இழுத்தது. அது நீளமாக வந்தது, ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு அடுத்த குத்துக்குப் போய்விட்டது. அதன் அலகிலிருந்து சொட்டிய தண்ணீர்கூடத் தெரிந்தது.