காணிக்கை கொடுத்தாச்சு, வரி எதற்கு?

ஜூலை வந்தால் காரைக்குடியில் வரிக்கணக்குப் பார்க்கும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நெருக்கடியிலும் கிறிஸ்தவக் குடும்பங்களில் யாராவது ஒருவர் தவறாமல் கேட்டுவிடுவார்: “கோயிலுக்கும் அநாதை இல்லத்துக்கும் இவ்வளவு கொடுத்திருக்கேனே சார், அப்புறம் அரசாங்கத்துக்கு வேற எதுக்கு?”

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உண்டியல் காணிக்கைக்கும் பங்குத் திருவிழாவுக்குக் கொடுத்த பணத்துக்கும் பொதுவாக 80ஜி கழிவு, அதாவது நன்கொடையை வரி போடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, கிடையாது. ஒரு மதத்தாருக்காக மட்டும் நடக்கும் அமைப்புக்கு அந்த அங்கீகாரம் தருவதில்லை. அநாதை இல்லத்துக்கு அங்கீகாரம் இருக்கலாம். ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் போச்சு. புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை.

எது நியாயமான வரி என்பது செட்டிநாட்டுக்குப் புதிய கேள்வி அல்ல. நகரத்தார் தங்கள் கோயில்களுக்குப் புள்ளி வரி என்று மணமான குடும்பத்துக்கு இவ்வளவு எனச் சமமாகவும், ஆஸ்தி வரி என்று சொத்துக்குத் தக்கபடியும் வசூலித்திருக்கிறார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் இன்னும் தலைக்கட்டு வரிதான். சித்தாள் வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கும் சிங்கப்பூர் பணம் வருகிற வீட்டுக்கும் ஒரே தொகை. சமம்தானே என்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

விவிலியத்தில் இரண்டும் உண்டு. விடுதலைப் பயணம் 30இல் செல்வரும் ஏழையும் ஆளுக்கு அரை ஷெக்கேல் வெள்ளி. லேவியர் 5இலோ பாவப் பரிகாரப் பலிக்கு ஆட்டுக்கு வழியில்லாதவர் இரண்டு புறா தரலாம், அதுவும் முடியாதவர் கொஞ்சம் மாவு தந்தால் போதும். வரிச்சுமை அவரவர் சக்திக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று திருத்தந்தை 23ஆம் யோவானும் 1961இல் எழுதிய சுற்றுமடலில் சொன்னார். வருமான வரி அடுக்குகள் அந்த வழியில் வருபவை. ஜிஎஸ்டி அப்படியில்லை, சோப்பு வாங்கும்போது சித்தாளும் முதலாளியும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். அதனால் ‘நம்ம வரிப்பணத்துல ஏழைங்களுக்கு இலவசமா?’ என்று யாராவது ஆரம்பித்தால் நான் விடுவதில்லை.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் கற்பிக்கும் குருக்கள், அருட்சகோதரிகளின் சம்பளத்திலும் டிடிஎஸ் (கையில் தருமுன்பே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொந்தமாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள், சம்பளம் துறவற சபைக்குத்தான் போகிறது என்ற வாதம் நிற்கவில்லை. பலருக்கு வருத்தம். எனக்கு அது சரியான தீர்ப்பு. அந்தச் சம்பளமே மக்களின் வரிப்பணத்திலிருந்து வருவதுதானே?

காணிக்கைக் கேள்விக்கு நான் லூக்கா 19ஐக் காட்டுவேன். வரி வசூலித்துப் பணம் சேர்த்த சக்கேயு சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொன்னார். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவேன் என்றது அதற்கு மேல் தனிக்கணக்கு. ஒன்றை இன்னொன்றில் அவர் கழிக்கவில்லை.

போலி நன்கொடை ரசீது போட்டவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். திருத்திய கணக்குக்கான கெடு முடிந்திருந்தாலும், புதுப்பித்த கணக்கு தாக்கல் செய்ய மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து 48 மாதம் வரை வழியிருக்கிறது. முதல் 12 மாதத்துக்குள் என்றால் வரி, வட்டியோடு அவற்றில் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். சக்கேயு கட்டியதைவிட எவ்வளவோ குறைவு.