1987 ஜூலை 1-க்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அண்ணன் பிறந்தது 1986 நவம்பரில். தம்பி 1988-ல். இருவரும் பிறந்தது ஒரே அரசு மருத்துவமனை, வளர்ந்தது ஒரே இலங்கைத் தமிழர் முகாம். மஞ்சள் பையிலிருந்த காகிதங்களையெல்லாம் என் மேசையில் கொட்டிவிட்டு அண்ணன் கேட்டார்: "எங்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைக்குமா, சேர்?"

அவருக்குக் கிடைக்க வேண்டியதில்லை, பிறந்த அன்றே வந்துவிட்டது என்றேன். நம்பவில்லை. முகாமில் யாரும் இதை எளிதில் நம்புவதில்லை.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பால் குடிமகன். தூதர்களின் பிள்ளைகள் போல ஒன்றிரண்டு விலக்குகள்தான். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகேறி வந்தவர்களுக்கு முதல் நான்கு ஆண்டுகளில் இங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் இதில் அடங்குவார்கள். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் வழங்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

சிக்கல் முகாம் பதிவேட்டில் இருக்கிறது. பணக்கொடையும் அரிசியும் வேண்டுமென்றால் பிள்ளை பெயரையும் அகதி என்றே பதிய வேண்டும். எந்தத் தாய் மறுப்பாள்? அந்தப் பதிவு பிறப்பால் வந்த குடியுரிமையைப் பறிக்காது. ஆனால் அலுவலகத்தில் முதலில் புரட்டுவது அதைத்தான்.

ஆகவே பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். பதிவாகவே இல்லையென்றால் மருத்துவமனைப் பதிவேட்டு நகலோடு கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்கு மனு கொடுக்கலாம். பள்ளி டி.சி.-யை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சேர்க்கைக்கு வயது சரிவர வேண்டுமென்று வாத்தியார் எழுதிய தேதிகள் அதில் ஏராளம். கோடு 1987 ஜூலை 1-ல் விழும்போது இரண்டு மாத வித்தியாசமும் ஒருவரை அந்நியராக்கிவிடும்.

தம்பி கதை வேறு. அந்தத் தேதி முதல் பிறந்தவர்களுக்குத் தாயோ தந்தையோ இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம்: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது. குண்டுக்குப் பயந்து பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் அதுதான். 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய அரசின் 2025 செப்டம்பர் உத்தரவு வந்தபோது "குடியுரிமை கிடைச்சிட்டுதா?" என்று எனக்கு எத்தனையோ அழைப்புகள். இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்தவர்கள்மீது ஆவணமில்லாததற்காக வழக்குப் போடாமல் விடும் விலக்கு அது, அவ்வளவே.

பேச்சுவாக்கில் "அப்பா எந்த ஊர்?" என்றேன். வவுனியா என்றார் தம்பி. அதற்கு முன்பு? "தாத்தா காலத்தில ஹட்டன் தோட்டம். 77 கலவரத்தில இறங்கி வந்தவை."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹட்டன் மலையகத்தில் இருக்கிறது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர், இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவானது. அவர்களை யாரும் கேட்கவில்லை. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி இந்தியக் குடிமக்களாகி, கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட்டும் வாங்கியபின் கிளம்பாமல் தங்கிவிட்டவர்கள் உண்டு. 1984-ல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. பிறகு அவர்களில் சிலர் போருக்குத் தப்பிப் படகில் வந்து, சொந்த நாட்டிலேயே அகதியாகப் பதிந்துகொண்டார்கள்.

"கண்டி பாஸ்போர்ட் ஏதும் வீட்டில கிடக்கா?"

"அது செத்த பாஸ்போர்ட், சேர். அப்பாவிட டிரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு."

மறுவாரம் தம்பி அதைப் பாலிதீனில் சுற்றிக் கொண்டுவந்தார். தாத்தா படம் பாதி அழிந்திருந்தது. உள்பக்கத்தில் பிள்ளைகள் பெயர் வரிசையில் இரண்டாவதாக அவர் அப்பா, வயது எட்டு. வழங்கிய தேதியைக் கரையான் தின்றிருக்கிறது, எண் தெரிகிறது. அந்த எண்ணை வைத்து, அப்பா இந்தியக் குடிமகன் என்று காட்டி, தம்பிக்காக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.